வெப்பத்தில் விழும் ஈயைத் தேடி: பழ ஈயில் முதல் மரபணு ஸ்கிரீன் செய்வது எப்படி

1971-இல் கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் சுசுகியும் அவருடைய சகாக்களும் விசித்திரமான ஒரு பழ ஈயைப் பற்றி எழுதினார்கள். 22 டிகிரியில் அது மற்ற ஈக்களைப் போலவே நடந்தது, பறந்தது, இணைசேர்ந்தது. 29 டிகிரிக்குக் கொண்டுபோனதும் சில நொடிகளில் கால்கள் ஓய்ந்து சாய்ந்துவிட்டது. திரும்பவும் 22-க்குக் கொண்டுவந்தால் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நடந்தது. அந்த மரபணுவுக்குப் ‘பாராலிட்டிக்’ என்று பெயர் வைத்தார்கள். ஆய்வகங்களில் சுருக்கமாக ‘பாரா’. நரம்புச் செல்லில் மின்துடிப்பு ஓடுவதற்குத் தேவையான சோடியம் வாய்க்காலை உருவாக்கும் மரபணு அது என்று உறுதியானது 1989-இல். இடையில் 18 ஆண்டுகள்.

சுசுகி குழு சோடியம் வாய்க்காலைத் தேடிப் போகவே இல்லை. வெப்பத்தில் விழுந்து குளிரில் எழும் ஈ ஏதாவது உண்டா என்று மட்டும்தான் பார்த்தார்கள். மரபணுவைக் காட்டிக்கொடுத்தது ஈதான். ஏராளமான உயிர்களில் மரபணுக்களைக் கண்மூடித்தனமாகக் கெடுத்துவிட்டு, மாறுபட்டு நிற்பதைத் தேடிப் பிடிப்பதுதான் மரபணு ஸ்கிரீன். இந்த முறையின் பலமே இதுதான் என்று நினைக்கிறேன்: எந்த மரபணு முக்கியம் என்று முன்கூட்டியே ஊகிக்கும் வேலை நமக்கு இல்லை.

முதுநிலைப் படிப்பிலோ ஆய்வுப் படிப்பின் தொடக்கத்திலோ இருந்து, பூச்சி மரபியலுக்குள் முதல்முறை காலெடுத்து வைப்பவருக்காக இதை எழுதுகிறேன். ஸ்கிரீன்களில் பல வகை உண்டு. எல்லாவற்றையும் மேலோட்டமாகச் சொல்வதைவிட, ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை போவது நல்லது. பழ ஈயின் எக்ஸ் குரோமோசோமில், வெப்பத்தில் செயலிழக்கும் சடுதிமாற்றங்களைத் தேடும் ஸ்கிரீனை எடுத்துக்கொள்கிறேன். விலையுயர்ந்த கருவி வேண்டாம். நீர்த்தொட்டி, கண்ணாடிக் குழாய், சாதாரண நுண்ணோக்கி போதும். விடை கண்ணுக்கு நேராகத் தெரியும். கலப்புத் திட்டமும் இருப்பதிலேயே குட்டையானது.

முதலில் கேள்வி

பழைய வீடுகளில் எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றாகக் கழற்றி எந்த விளக்கு அணைகிறது என்று பார்ப்போம். ஸ்கிரீனும் அந்த வேலைதான். ஆனால் எந்த விளக்கைக் கவனிப்பது என்று தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் செய்த ஸ்கிரீனில் கவனித்தது கருவின் தோலை மட்டும். முட்டைக்குள்ளேயே இறந்துபோன கருக்களை எடுத்து, தோலில் உள்ள பல்வரிசைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே மாதிரியை ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கி ஒன்று வைத்திருந்தார்கள். பார்க்கும்போதே விவாதம் நடக்கும். உடற்கண்டங்களை வகுக்கும் 15 மரபணுக்களைப் பற்றி 1980-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எட்வர்ட் லூயிஸுடன் சேர்ந்து 1995-இல் நோபல் பரிசு வந்தது. ரொனால்டு கொனோப்காவும் சீமோர் பென்சரும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கவனித்தது, கூட்டுப்புழுவிலிருந்து ஈ எந்த நேரத்தில் வெளிவருகிறது என்பதை. 1971-இல் அவர்களுக்கு மூன்று சடுதிமாற்றங்கள் கிடைத்தன: ஒன்றுக்கு ஒரு நாள் என்பது சுமார் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு சுமார் 28, மூன்றாவதற்கு நேரக்கணக்கே இல்லை. மூன்றும் ஒரே மரபணுவில்! அதுதான் ‘பீரியட்’.

சுசுகி, ஹைடல்பர்க், கொனோப்கா ஆகிய மூன்று இடங்களிலும் சடுதிமாற்றத்தை உண்டாக்கப் பயன்பட்ட வேதிப்பொருள் ஒன்றே, பூச்சி ஒன்றே. எதைப் பார்த்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. அதனால் உங்கள் சோதனையை வடிவமைக்கவே நிறைய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஈக்களுக்கு அந்த வேதிப்பொருளை, அதாவது ‘மருந்தை’க் கொடுத்துவிட்டு, அப்புறம் எதைப் பார்க்கலாம் என்று யோசித்தால் மாதங்கள் வீணாகும்.

நல்ல சோதனை எப்படி இருக்கும்? விடை ஆம், இல்லை என்று தெளிவாக வர வேண்டும். ஓர் ஈக்குச் சில நொடிகளுக்கு மேல் பிடிக்கக்கூடாது. முக்கியமாக, சாதாரண ஈ தவறாக ‘ஆம்’ என்று வருவது மிக அரிதாக இருக்க வேண்டும். நூற்றுக்கு ஓர் ஈ சும்மாவே விழும் சோதனையில் 10,000 ஈக்களை ஓட்டினால் 100 பொய்யான ஈக்கள் கையில் நிற்கும். உண்மையானவை இரண்டோ மூன்றோ இருந்தால் அந்தக் கூட்டத்தில் எப்படித் தெரியும்?

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஸ்கிரீன் தொடங்கும் முன், ஏற்கெனவே அறியப்பட்ட பாரா சடுதிமாற்ற ஈ ஒன்றிரண்டை நூறு சாதாரண ஈக்களோடு நண்பர் ஒருவரைக் கலந்து தரச் சொல்லுங்கள். எந்தக் குழாயில் கலந்தார் என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. உங்கள் சோதனை அவற்றைப் பிடிக்கிறதா? பிடிக்காவிட்டால் சோதனையைத் திருத்துங்கள். பிடிக்கும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

ஈ வளர்ப்பு

தேவைப்படும் ஸ்டாக்குகள், அதாவது தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஈ வரிசைகள், இவை: கேன்டன்-எஸ் என்ற சாதாரண ஈ; ஒட்டிய எக்ஸ் (இது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) கொண்ட பெண் ஈக்கள் உள்ள ஸ்டாக்; எஃப்எம்7 என்ற பேலன்சர் (இணைக் குரோமோசோமோடு துண்டுகளை மாற்றிக்கொள்ளாத) குரோமோசோம் கொண்டது; ஒப்பிட்டுப் பார்க்க பாரா, ஷிபிரே, காமட்டோஸ் என்ற மூன்று பழைய வெப்பச் சடுதிமாற்றங்கள். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உள்ள புளூமிங்டன் ஸ்டாக் மையத்திலிருந்து இவற்றை வரவழைக்கலாம். இந்தியாவில் மைசூரு பல்கலைக்கழகத்தில் டிரோசோஃபிலா (பழ ஈ) ஸ்டாக் மையம் இருக்கிறது. பெங்களூரிலும் பெரிய ஈ ஆய்வகங்கள் உண்டு. அருகில் உள்ள ஆய்வகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். ஈ ஆய்வு செய்பவர்கள் ஸ்டாக் கேட்டால் மறுக்காத மரபு, பழ ஈ மரபியலின் முன்னோடி தாமஸ் ஹன்ட் மார்கன் காலத்திலிருந்து வருகிறது. வெளியிலிருந்து வரும் எந்தக் குப்பியையும் இரண்டு தலைமுறைக்குத் தனியாக வையுங்கள். ஓர் ஆய்வகத்தில் சிற்றுண்ணி புகுந்தால் எல்லா ஸ்டாக்குகளையும் அது பாழாக்கும்.

உணவு மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் சேர்த்துக் காய்ச்சுவது. பூஞ்சை பிடிக்காமலிருக்க புரோபியானிக் அமிலமும் மெத்தில் பாரபெனும் சேர்ப்பார்கள். இவற்றைக் கொதிக்கும்போது ஊற்றாமல், சுமார் 60 டிகிரிக்கு ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாக சுமார் 10 நாள் ஆகும். நம் ஸ்கிரீனுக்கு 22 டிகிரி நல்லது. தலைமுறைக்கு இரண்டு வாரம் ஆகும், பரவாயில்லை. தேடுவதே வெப்பத்தில் விழும் ஈயை என்பதால், வளர்க்கும்போது வெப்பம் ஏறினால் அது குப்பிக்குள்ளேயே விழுந்து உணவில் ஒட்டிச் செத்துவிடும். பெட்டிக்குள் வெப்பமானி வைத்து நாள்தோறும் எழுதி வையுங்கள். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் கோடையில் மின்சாரம் போய் அறை 35 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல் வளர்த்தால் சாதாரண ஆண் ஈக்களே மலடாகிவிடும்.

கன்னி ஈ சேகரிக்கப் பழகுவதற்கே சில வாரங்கள் ஒதுக்குங்கள். பெண் ஈ ஒருமுறை இணைந்துவிட்டால் விந்தை உடலுக்குள் சேமித்து நாள்கணக்கில் பயன்படுத்தும். அதை வைத்துக் கலப்பு செய்தால் எந்தக் குஞ்சு எந்த அப்பாவுடையது என்று சொல்ல முடியாது. 25 டிகிரியில் வெளிவந்து ஏறத்தாழ 8 மணி நேரம்வரை பெண் ஈ இணையாது; 18 டிகிரியில் அது சுமார் இருமடங்கு. எனவே காலையில் பாட்டிலில் இருக்கும் எல்லா ஈக்களையும் அகற்றிவிட்டு, அந்த நேரத்துக்குள் வெளிவருபவற்றைப் பிடியுங்கள். இப்போதுதான் பிறந்த ஈ வெளிர்நிறமாக இருக்கும், வயிற்றில் கரும்பச்சைப் புள்ளி தெரியும். ஆணை அடையாளம் காண வயிற்றின் நுனியைப் பாருங்கள், கறுத்து உருண்டிருக்கும். முன்னங்காலில் ‘பால்சீப்பு’ (ஆணுக்கு மட்டும் உள்ள கறுப்பு முள்வரிசை) இருக்கும்.

கலப்புத் திட்டம்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தாளும் பேனாவும் எடுத்து வரைந்துகொண்டே படியுங்கள்.

பெரும்பாலான சடுதிமாற்றங்கள் ஒடுங்கு பண்புடையவை. இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலும் மற்றொன்று சமாளித்துவிடும், ஈயில் ஒன்றும் தெரியாது. எனவே இரண்டு பிரதியும் கெட்ட ஈயை உருவாக்க வழக்கமாக மூன்று தலைமுறை வேண்டும். ஆண் ஈக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று என்பதால் அங்கே ஒடுங்கு பண்பும் உடனே வெளிப்படும். ஆனால் ஆண் தன் எக்ஸை மகளுக்குத்தான் கொடுக்கும். மகனுக்குத் தாயின் எக்ஸ் போகும். அப்பாவுக்கு மருந்து கொடுத்தால் மகனில் விளைவைப் பார்க்க முடியாது.

இதற்கு வழி லிலியன் மார்கன் 1922-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. அவர் கண்ட பெண் ஈயில் இரண்டு எக்ஸ்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கூடவே ஒரு ஒய் குரோமோசோமும். இந்தப் பெண்ணின் முட்டையில் ஒட்டிய எக்ஸ் ஜோடி போகும், அல்லது ஒய் போகும். சாதாரண ஆணோடு இணைத்தால் நான்கு சாத்தியங்கள். ஒட்டிய எக்ஸ் முட்டையோடு அப்பாவின் ஒய் சேர்ந்தால் தாயைப் போன்ற மகள். ஒய் முட்டையோடு அப்பாவின் எக்ஸ் சேர்ந்தால் மகன். இரண்டு ஒய் சேர்ந்தால் கரு இறக்கும். மூன்று எக்ஸ் சேர்ந்தாலும் பெரும்பாலும் பிழைக்காது.

ஆக, மகனுக்கு அப்பாவின் எக்ஸ் நேராக வந்துசேர்கிறது. மருந்து உண்ட ஆணை ஒட்டிய எக்ஸ் பெண்ணோடு இணைத்தால், முதல் தலைமுறை மகன்களிலேயே சடுதிமாற்றம் தெரியும். ஒவ்வொரு விந்தணுவும் தனித்தனியாக மருந்தில் அடிபட்டிருப்பதால், ஒவ்வொரு மகனும் ஒரு தனி எக்ஸைச் சோதிக்கிறான். பிடித்த மகனைத் திரும்பவும் ஒட்டிய எக்ஸ் பெண்களோடு இணைத்தால் அவனுடைய எல்லா மகன்களும் அதே எக்ஸோடு பிறப்பார்கள். ஸ்டாக் தானாகவே அமைந்துவிடுகிறது. இப்படி இரண்டு வேலைகளையும் ஒரே கலப்பில் முடித்துத்தரும் திட்டம் மரபியலில் அரிது.

ஒட்டிய எக்ஸில் மஞ்சள் உடல், வெள்ளைக் கண் ஆகிய அடையாளங்கள் உள்ள ஸ்டாக்கைத் தேர்ந்தெடுங்கள். அப்போது மகள்கள் எல்லாம் மஞ்சள் உடலும் வெள்ளைக் கண்ணுமாக, மகன்கள் எல்லாம் சிவப்புக் கண்ணோடு இருப்பார்கள். சிவப்புக் கண்ணுள்ள பெண் ஈ சோனியாக ஒன்றிரண்டு வந்தால் அது மூன்று எக்ஸோடு தப்பிப் பிழைத்ததாக இருக்கலாம். ஆரோக்கியமாக நிறைய வந்தால் ஒட்டிய எக்ஸ் பிரிந்துவிட்டது, அல்லது வேறு ஈ கலந்துவிட்டது. அந்தக் குப்பியைத் தூக்கி எறியுங்கள்.

தொடங்கும் முன் இன்னொரு வேலை உண்டு. ஒரே ஒரு கேன்டன்-எஸ் ஆணை ஒட்டிய எக்ஸ் பெண்களோடு இணைத்து, அவனுடைய மகன்களைப் பெருக்கி, அவர்களுக்கே மருந்து கொடுங்கள். எல்லாரிடமும் இருப்பது ஒரே எக்ஸின் நகல். பின்னால் மரபணு வரிசையைப் படிக்கும்போது, மருந்து செய்த மாற்றம் எது, ஏற்கெனவே இருந்த வேறுபாடு எது என்று பிரிக்க இது கைகொடுக்கும். பலர் இதைத் தவிர்த்துவிட்டு அப்புறம் வருந்துகிறார்கள்.

மருந்து கொடுத்தல்

எக்ஸ் கதிர் சடுதிமாற்றத்தை உண்டாக்கும் என்று ஹெர்மன் முல்லர் 1927-இல் காட்டினார். கதிர் பெரும்பாலும் குரோமோசோமை உடைக்கும். நமக்கு வேண்டியது டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் மாறும் நுணுக்கமான மாற்றம். அதற்கு எத்தில் மீத்தேன் சல்ஃபோனேட், சுருக்கமாக ஈஎம்எஸ். இது குவானினோடு ஒட்டி, ஜி-சி இணையை ஏ-டி இணையாக மாற்றுகிறது. லூயிஸும் பேக்கரும் 1968-இல் எழுதிய முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

இது புற்றுநோயை உண்டாக்கும் பொருள், ஆவியாகவும் கூடியது. முதல்முறை தனியாகச் செய்யாதீர்கள். பழகியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். காற்றிழுப்புப் பெட்டிக்குள், இரட்டைக் கையுறையோடு மட்டுமே புட்டியைத் திறக்கலாம். தொட்ட எல்லாவற்றையும் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் தயோசல்பேட்டும் கலந்த கரைசலில் ஒரு நாள் ஊறவைத்த பிறகே கழிவில் போட வேண்டும். அந்தக் கரைசலை முதலில் தயாரித்து வைத்துவிட்டுத்தான் புட்டியைத் தொட வேண்டும்.

மூன்று முதல் ஐந்து நாள் வயதான ஆண்களைச் சில மணி நேரம் பட்டினி போடுங்கள். 1 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் 25 மில்லிமோலார் அளவுக்கு ஈஎம்எஸ் சேர்த்து (10 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 26 மைக்ரோலிட்டர்), மெல்லிய தாளில் நனைத்துப் பாட்டிலுக்குள் வைத்தால் இரவு முழுக்கக் குடிக்கும். மறுநாள் புதிய உணவுக்கு மாற்றி ஒரு நாள் ஓய்வு கொடுத்து, அப்புறம் கன்னிப் பெண்களோடு சேர்க்கலாம். நான்கைந்து நாளில் ஆண்களை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் விந்து, மருந்தின்போது இன்னும் பிரிந்துகொண்டிருந்த செல்களிலிருந்து வருவது. ஒரே சடுதிமாற்றம் பல மகன்களில் திரும்பத் திரும்ப வந்து, ஏதோ நிறையக் கிடைத்தது போல ஏமாற்றும்.

மருந்து வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? மருந்து கொடுக்காத தொகுதியோடு ஒப்பிட்டு, மகன்களையும் மகள்களையும் எண்ணுங்கள். இன்றியமையாத மரபணு கெட்ட மகன்கள் இறந்துபோவதால் மகன்களின் எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் மருந்து பழசு. சோதிக்காமல் நிறுத்திவிட்டுப் புதிய புட்டி வாங்குங்கள்.

பாரா மரபணுவை முழுதாக அழித்தால் ஈ பிழைக்காது. அத்தகைய மகன்கள் இந்தத் திட்டத்தில் பிறக்கவே மாட்டார்கள். சாதாரண வெப்பத்தில் புரதம் ஓரளவு வேலை செய்து, வெப்பம் ஏறினால் மட்டும் உருக்குலையும் மாற்றங்களே நம் வலையில் விழும். வெப்பச் சடுதிமாற்றத்தின் அழகு இதுதான்: உயிருக்கு இன்றியமையாத மரபணுவின் வேலையையும் முழு வளர்ச்சியடைந்த ஈயில் நிறுத்திப் பார்க்கலாம், திரும்ப ஓடவும் விடலாம். விலை என்னவென்றால் இவை அரிது. ஈஎம்எஸ் வழக்கமான அளவில் ஒரு சராசரி மரபணுவை ஏறத்தாழ ஆயிரம் குரோமோசோம்களில் ஒன்றில் கெடுக்கும். வெப்பத்தில் மட்டும் கெடும் மாற்றம் அதைவிட மிகக் குறைவு. சில ஆயிரம் மகன்களைச் சோதித்து ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். பத்தாயிரக்கணக்கில் சோதிக்கும் மனத்தோடு தொடங்குங்கள்.

சோதனை நாள்

வெளிவந்து இரண்டு முதல் நான்கு நாள் ஆன மகன்களை எடுங்கள். கார்பன் டைஆக்சைடு கொடுத்துப் பிரித்திருந்தால் குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். மயக்கம் முழுதாகத் தெளியாத ஈயும் விழும்.

நீர்த்தொட்டியை 37 அல்லது 38 டிகிரியில் நிறுத்துங்கள். கண்ணாடிக் குழாயை அதற்குள் அமிழ்த்தி முன்பே சூடாக்கி, ஓரத்தில் ஈரத்தாள் துண்டு ஒன்று வையுங்கள். வறண்ட வெப்பத்தில் சாதாரண ஈயும் காய்ந்து தளரும். 50 ஈக்களை உள்ளே தட்டி, நேரத்தைத் தொடங்குங்கள். சாதாரண ஈக்கள் பரபரவென்று மேலே ஏறி ஓடும். எத்தனை நிமிடம் அவை தாங்குகின்றன என்பதை உங்கள் தொட்டியில், உங்கள் குழாயில் நீங்களே அளந்து, அதற்குள் முடியும்படி நேரம் வையுங்கள். இரண்டு நிமிடம் நல்ல தொடக்கம். ஒவ்வொரு நாளும் முதல் குழாயில் கேன்டன்-எஸ், இரண்டாவதில் பாரா. முதலாவதில் ஒன்றும் விழக்கூடாது, இரண்டாவதில் எல்லாம் விழ வேண்டும். அப்படி நடக்காத நாளில் சோதனையே வேண்டாம்.

அடியில் விழுந்து கிடக்கும் ஈயை உறிஞ்சுகுழாயால் எடுத்து, தனிக் குப்பியில் 22 டிகிரிக்கு மாற்றுங்கள். எழுந்து நடக்கிறதா? நடக்க எவ்வளவு நேரம்? இந்த நேரத்தைக் கட்டாயம் எழுதி வையுங்கள். பாரா நொடிகளில் விழுந்து நொடிகளில் எழும். ஷிபிரே விழச் சற்று நேரம் எடுக்கும், எழச் சில நிமிடம். மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஒபைத் சித்திக்கியும் பென்சரும் 1976-இல் எழுதிய காமட்டோஸ், விழுந்தபின் வெகுநேரம் எழாமல் கிடக்கும், பெயரே அதனால்தான்.

பின்னால் தெரிந்தது என்ன? பாரா, நரம்பில் துடிப்பு ஓடும் வாய்க்கால். ஷிபிரே, நரம்பு முனையில் வேதிக்குமிழிகளைத் திரும்ப உள்ளிழுக்கும் டைனமின் என்ற புரதம். அது நின்றால் முனையில் இருப்பு தீர்ந்துவிடும். காமட்டோஸ், அந்தக் குமிழிகள் இணைந்தபின் சிக்கிக்கொண்ட புரதங்களைப் பிரித்துவிடும் என்எஸ்எஃப் என்ற புரதம். எல்லாமே ‘வெப்பத்தில் விழுந்த ஈ’ என்ற ஒரே வரியில் தொடங்கியவை. எழும் நேரத்தில் இருந்த வேறுபாடு, உள்ளே வெவ்வேறு கோளாறு என்பதற்கு முதல் தடயமாக இருந்தது. குறிப்பேட்டில் ‘விழுந்தது’ என்று மட்டும் எழுதினால் அந்தத் தடயம் போய்விடும்.

விழுந்தவற்றில் பெரும்பாலானவை இறகு ஒட்டியவை, கால் ஒடிந்தவை, சோனியானவை. அடுத்தடுத்த நாள்களில் இன்னும் இருமுறை சோதித்து, மூன்று முறையும் விழுந்து எழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, ஒட்டிய எக்ஸ் கன்னிகள் மூன்று நான்கோடு இணையுங்கள்.

அவனுடைய மகன்களைச் சோதிப்பதுதான் உண்மையான தேர்வு. ஈஎம்எஸ் டிஎன்ஏவின் ஓர் இழையை மட்டும் தாக்குகிறது. கரு முதல்முறை பிரியும்போது ஒரு செல்லுக்கு மாறிய எழுத்தும் இன்னொன்றுக்குப் பழைய எழுத்தும் போகலாம். அப்படிப் பிறந்த ஈ பாதி உடலில் மட்டும் சடுதிமாற்றம் கொண்டது. தான் விழுந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் போகலாம். மகன்கள் எல்லாரும் விழுந்தால் கொண்டாடுங்கள். ஒருவரும் விழாவிட்டால் அந்த வரிசையைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

கிடைத்தது புதிதா, பழையதா?

ஐந்து வரிசைகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மரபணுக்களா, ஒரே மரபணுவில் ஐந்து மாற்றங்களா? காம்ப்ளிமென்டேஷன் சோதனை இதற்கு விடை சொல்லும். முதல் வரிசை ஆணை எஃப்எம்7 பெண்ணோடு இணைத்து, ஒரு பக்கம் சடுதிமாற்றம், மறுபக்கம் எஃப்எம்7 கொண்ட மகள்களைப் பெறுங்கள். எஃப்எம்7-இல் உள்ள ‘பார்’ என்ற அடையாளத்தால் அவற்றின் கண் அவரை விதை வடிவில் இருக்கும். இந்த மகள்களையும் வெப்பத்தில் சோதியுங்கள். விழுந்தால் மாற்றம் ஓங்கு பண்புடையது, மேற்கொண்டு இந்த முறை செல்லாது. விழாவிட்டால் அவற்றை இரண்டாம் வரிசை ஆண்களோடு இணையுங்கள். சாதாரணக் கண்ணோடு பிறக்கும் மகளிடம் இரண்டு சடுதிமாற்ற எக்ஸ்களும் இருக்கும். அது விழுந்தால் இரண்டும் ஒரே மரபணு, விழாவிட்டால் வெவ்வேறு.

பழைய மூன்று ஸ்டாக்குகளோடும் இதே சோதனையைச் செய்யுங்கள். பாரா, ஷிபிரே, காமட்டோஸ் எல்லாமே எக்ஸில் வெர்மிலியன், ஃபோர்க்டு என்ற இரண்டு அடையாளங்களுக்கு இடையில் இருப்பவை. உங்கள் மாற்றமும் அந்தப் பகுதியில் வந்தால் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படி ஆனாலும் சோர்ந்துவிட வேண்டாம். பாராவில் புதிய இடத்தில் விழுந்த மாற்றம், சோடியம் வாய்க்காலின் எந்த மூலை வெப்பத்தில் தளர்கிறது என்று சொல்லும். ஒரே மரபணு திரும்பத் திரும்பக் கிடைப்பது, தேடல் எவ்வளவு நிறைவடைந்தது என்பதற்கும் அளவுகோல். ஒரு மரபணுவுக்குச் சராசரியாக ஒருமுறை அடிபடும் அளவுக்குத் தேடினாலும் 37 சதவீத மரபணுக்கள் ஒருமுறைகூட அடிபடாமல் தப்பும். சராசரி மூன்று என்றால் 5 சதவீதம்தான் தப்பும்.

மரபணுவைக் கண்டுபிடித்தல்

முதலில் பழைய வழியில் தோராயமான இடம். மஞ்சள் உடல், குறுக்குநரம்பற்ற இறகு, வெர்மிலியன் கண், ஃபோர்க்டு முடி என நான்கு அடையாளங்கள் கொண்ட எக்ஸோடு கலந்து, மறுசேர்க்கை (இணைக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) நடந்த மகன்களைச் சோதித்தால், எந்த இரண்டு அடையாளங்களுக்கு நடுவே உங்கள் மரபணு இருக்கிறது என்று தெரியும். மறுசேர்க்கை பெண் ஈயில் மட்டுமே நடக்கும், பழ ஈயின் ஆணில் நடக்காது என்பதை மறக்காதீர்கள்.

இப்போது வரிசைப்படுத்தல் மலிவாகிவிட்டதால் இதைத் தாண்டி நேராக முழு மரபணுத்தொகுதியையும் படித்துவிடலாம் என்று தோன்றும். ஈஎம்எஸ் ஒரே எக்ஸில் பல பத்து மாற்றங்களைச் செய்திருக்கும். தோராயமான இடம் தெரிந்திருந்தால் பட்டியல் சில மாற்றங்களாகச் சுருங்கும். ஒரே மரபணுவில் இரண்டு வரிசைகள் இருந்தால் இன்னும் நல்லது: இரண்டிலும் கெட்டுப்போன மரபணு எது என்று பாருங்கள்.

பட்டியலில் பொருத்தமாகத் தெரியும் பெயரைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். நல்ல பிரதியை வேறு குரோமோசோமில் சேர்த்ததும் ஈ வெப்பத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸின் துண்டுகளை வேறு குரோமோசோமில் தாங்கிய ஸ்டாக்குகள் புளூமிங்டனில் கிடைக்கும். அல்லது கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் சாதாரண ஈயில் அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அது விழுகிறதா என்று பார்க்கலாம். இரண்டில் ஒன்றாவது இல்லாமல் மரபணுவின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மரபணு மாற்றிய ஈக்களைக் கையாள உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

எக்ஸுக்கு அப்பால், பழ ஈக்கு அப்பால்

எக்ஸில் இருப்பது பழ ஈ மரபணுக்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். இரண்டாம், மூன்றாம் குரோமோசோம்களைத் தேட பேலன்சர்களோடு மூன்று தலைமுறைக் கலப்பு வேண்டும். ஹைடல்பர்க் செய்தது அதைத்தான். ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமனும் 1993-இல் கொண்டுவந்த கேல்4 முறையால், வேண்டிய திசுவில் மட்டும் வேண்டிய மரபணுவை இயக்கலாம். அதோடு, இரட்டை இழை ஆர்என்ஏவால் ஒரு மரபணுவை அடக்கும் ஆர்என்ஏ குறுக்கீட்டைச் சேர்த்து, ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியாக அடக்கும் ஈக்களின் பெரும் தொகுப்பை வியன்னாவில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டார்கள். அங்கே மரபணுவின் பெயர் முன்பே தெரிவதால் கண்டுபிடிக்கும் பாடு மிச்சம். ஆனால் பாதி மட்டும் அடங்கிய மரபணு, தவறான இலக்கு என்று அதற்கே உரிய தொல்லைகள் உண்டு.

ரவையிலும் கோதுமை மாவிலும் ஓடும் செம்பழுப்பு நிறச் சிறு வண்டில், டிரைபோலியத்தில், இந்த வேலை இன்னும் எளிது. இரட்டை இழை ஆர்என்ஏவை ஓரிடத்தில் ஊசியால் செலுத்தினால் உடல் முழுக்கப் பரவி, பிள்ளைகள்வரை போகும். பழ ஈயில் அப்படிப் பரவாது. ஜெர்மன் ஆய்வகங்கள் முன்னின்று நடத்திய ஐபீட்டில் ஸ்கிரீன் இதை வைத்துத்தான் ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சோதித்தது.

கொசுவில் இவ்வளவு வசதிகள் இல்லை. ஆனாலும் பழ ஈயில் கிடைத்த பெயர் அங்கே நேராகப் பயன்பட்டிருக்கிறது. கொசுவர்த்தியிலும் மருந்திட்ட கொசுவலையிலும் உள்ள பைரித்ராய்டு மருந்துகள் தாக்குவது பாரா மரபணு செய்யும் அதே சோடியம் வாய்க்காலைத்தான். மருந்துக்கு மசியாத கொசுக்கள் பலவற்றில் அந்த வாய்க்காலின் 1014-ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஃபீனைல்அலனின் இருக்கிறது. ஓர் ஊரில் எந்த மருந்து பலிக்கும் என்று அறிய, பிடித்த கொசுக்களில் இன்று அந்த ஓர் இடத்தைப் படித்துப் பார்க்கிறார்கள்.

ஸ்டாக்கைக் காப்பாற்றுங்கள்

கடைசி வேலை சலிப்பானது, விடக்கூடாதது. பழ ஈயை உறையவைத்துச் சேமிப்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு வரிசையையும் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 18 டிகிரியில் வைத்தால் தலைமுறை நீளும், வேலை குறையும். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு குப்பிகள், இரண்டு வெவ்வேறு பெட்டிகளில், மாற்றும் நாளில் சில நாள் வித்தியாசத்தோடு வையுங்கள். தலைமுறைகள் போகப்போக சடுதிமாற்றத்தின் விளைவை மட்டுப்படுத்தும் வேறு மாற்றங்கள் ஸ்டாக்கில் சேர்ந்துவிடும். நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை மகன்களை வெப்பத்தில் சோதித்து, நன்றாக விழுபவர்களைக் கொண்டே ஸ்டாக்கைப் புதுப்பியுங்கள். கட்டுரை வெளியானதும் ஒரு குப்பியைப் பொது ஸ்டாக் மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.